வீடியோ ஓடும்போது டீச்சர் எங்கே நிற்கணும்?

(எங்கள் எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். மற்றபடி பேசியது பேசியபடியே.)

இந்த வாரம் ராஜா, போர், கல்வெட்டு எதுவும் இல்லை. ஒரு கேள்வியோட வரலாறு. அந்தக் கேள்வியை என்கிட்ட கேட்டது ஒரு பள்ளி ஆசிரியை. கேட்டப்ப எனக்குப் பதில் தெரியலை. தெரியலைங்கிறதுகூட அப்போ எனக்குத் தெரியலை.

நடந்ததைச் சொல்றேன். என் பெரியம்மா பொண்ணு, அக்கா, அரசுப் பள்ளியில டீச்சர். "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறியே, எங்க டீச்சர்ஸுக்கு யூடியூப் வீடியோவை வெச்சு எப்படிப் பாடம் நடத்தறதுன்னு ஒரு வகுப்பு எடுடா"ன்னு கேட்டாங்க. நானும் சரின்னு போனேன். ஒரு சனிக்கிழமை. ஹால்ல நாற்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. என்கிட்ட 27 ஸ்லைடு. யூடியூப்ல எப்படித் தேடறது, ப்ளேலிஸ்ட் எப்படிப் போடறது, வேகத்தை எப்படிக் குறைக்கறது, சப்டைட்டில் எப்படி வரவழைக்கறது, நெட் இல்லாத இடத்துக்கு முன்னாடியே எப்படி டவுன்லோட் பண்ணி வெச்சுக்கறது. எல்லாரும் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. எனக்கு ரொம்பத் திருப்தி.

கடைசியில "கேள்வி ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருக்கிற ஒரு டீச்சர் எழுந்தாங்க. "தம்பி, எல்லாம் புரிஞ்சது. வீடியோ ஓடும்போது நான் எங்க நிக்கணும்?"

ஹால்ல சிரிப்பு. நானும் சிரிச்சுட்டு, "எங்க வேணும்னாலும் நில்லுங்க டீச்சர்"னு சொன்னேன். அவங்க தலையாட்டிட்டு உட்கார்ந்துட்டாங்க.

ஒரு மாசம் கழிச்சு அக்காகிட்ட விசாரிச்சேன். வந்தவங்கள்ல மூணு பேர் வகுப்புல வீடியோ போட்டுப் பாத்திருக்காங்க. அதுல ரெண்டு பேர் ஒரே தடவையோட விட்டுட்டாங்க. "பிள்ளைங்க அமைதியா பாக்கறாங்க, ஆனா அந்த நேரத்துல நாங்க என்ன பண்றதுன்னே தெரியலை"ன்னு காரணம் சொல்லியிருக்காங்க. அப்போதான் அந்த டீச்சர் கேட்டது ஜோக் இல்லைன்னு உறைச்சது. நான் சொல்லிக் கொடுத்தது ஒரு மென்பொருளை. அவங்க கேட்டது ஒரு பாடத்தை.

அதுக்கப்புறம் ஒரு வேலை பண்ணேன். வகுப்பறைக்குள்ள படம் ஓட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்தக் கேள்விக்கு என்னென்ன பதில் சொல்லியிருக்காங்கன்னு தேடிப் படிச்சேன். அதைத்தான் இன்னிக்குப் பகிர்ந்துக்கப் போறேன்.

புத்தகமே வேண்டாம் என்ற காலம்

1913. தாமஸ் எடிசன் ஒரு பத்திரிகைப் பேட்டியில, பள்ளிக்கூடத்துல சீக்கிரமே புத்தகங்களுக்கு வேலை இருக்காது, எல்லாத்தையும் சினிமாவே கத்துக் கொடுத்துடும், பத்தே வருஷத்துல பள்ளி முறையே அடியோட மாறிடும்னு சொல்றார். சினிமாக் கருவி விக்கிறவர் வேற என்ன சொல்வார்னு நீங்க கேக்கலாம். ஆனா அவர் சொன்னதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. படம் இருக்கு, பிள்ளைங்க இருக்காங்க. ஆசிரியரைப் பத்திப் பேச்சே இல்லை. அந்த டீச்சரோட கேள்விக்கு எடிசனோட பதில் என்னன்னா, "நீங்க நிக்கவே வேண்டாம்."

பத்து வருஷம் போச்சு, முப்பது வருஷமும் போச்சு. புத்தகம் அப்படியேதான் இருந்தது. படத்தை வெச்சுப் பெரிய அளவுல கத்துக் கொடுக்க வேண்டிய அவசரம் வந்தது இரண்டாம் உலகப் போர்ல. அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கான புது ஆட்களுக்குச் சீக்கிரமா பயிற்சி கொடுக்கணும். நிறைய பயிற்சிப் படம் எடுத்தாங்க. அந்தப் படங்களால நிஜமாவே ஏதாவது ஏறுதான்னு சோதிக்க உளவியல் ஆராய்ச்சியாளர்களையும் வெச்சுக்கிட்டாங்க. கார்ல் ஹோவ்லாண்ட் குழுவோட அந்த ஆய்வுகள் 1949ல புத்தகமா வந்தது.

அதுல ஒரு சின்ன சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. வயர்லெஸ்ல எழுத்துகளைத் தப்பில்லாமச் சொல்றதுக்கு ராணுவத்துல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வெச்சிருப்பாங்க. அதைப் படச்சுருள் போட்டுக் கத்துக் கொடுக்கறாங்க. ஒரு குழு சும்மா பாத்துச்சு. இன்னொரு குழு, நடுநடுவுல கேள்வி வரும்போது சொல்லைச் சத்தமாச் சொல்லணும். சத்தமாச் சொன்ன குழு நல்லாவே அதிகம் கத்துக்கிச்சு.

படம் மாறலை, திரையும் மாறலை. பாக்கிறவங்க என்ன செய்யறாங்கங்கிறது மட்டும்தான் மாறினது. அதைச் செய்ய வைக்க ஒருத்தர் வேணும். எடிசன் வெளியே அனுப்பினவர் இந்தப் பக்க வாசல் வழியா திரும்ப உள்ளே வர்றார்.

மலை மேல் ஒரு கோபுரம்

அடுத்து பசிபிக் பெருங்கடல். அமெரிக்கன் சமோவா. அமெரிக்க ஆட்சிக்குக் கீழ இருக்கிற குட்டித் தீவுக் கூட்டம். 1960களோட தொடக்கத்துல, அமெரிக்கா இந்தத் தீவுகளைக் கவனிக்காம விட்டுடுச்சுன்னு பத்திரிகையில எழுதி மானம் போகுது. புதுசா ஆளுநரா வந்த ரெக்ஸ் லீ ஒரு வேகமான வழியைத் தேர்ந்தெடுக்கறார். நல்ல ஆசிரியர்களை ஸ்டூடியோவுல உட்கார வைப்போம், அவங்க பாடத்தை டிவி வழியா எல்லாப் பள்ளிக்கும் அனுப்புவோம். 1964ல ஒளிபரப்பு தொடங்கியது. அலாவா மலை உச்சியில கோபுரம். அங்கே போய்வர வளைகுடாவுக்கு மேலே ரோப் கார். கொஞ்ச காலத்துலயே ஆறு சேனல். 1966ல அமெரிக்க அதிபர் ஜான்சனே நேர்ல வந்து பாத்துப் பாராட்டிட்டுப் போனார்.

பொறியியல் படிச்சவனுக்கு இதைப் படிச்சா விசில் அடிக்கத் தோணும். ஆனா வகுப்பறைக்குள்ள போய்ப் பாருங்க. முக்கியமான பாடத்தை நடத்தறது ஸ்டூடியோவுல இருக்கிறவர், பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவர். எதிர்ல பிள்ளைங்களோட நிக்கிறவர் சமோவா ஆசிரியர். அவர் செய்யறது, மேலேர்ந்து அச்சடிச்சு வர்ற திட்டத்தைப் பாத்து, டிவி முடிஞ்சதும் பயிற்சி கொடுக்கறது. பாடம் எங்க ஆரம்பிக்கும், எங்க முடியும், எவ்வளவு வேகத்துல போகும்னு எதையும் அவர் தீர்மானிக்க முடியாது. ஒரு பிள்ளைக்குப் புரியலைன்னா "கொஞ்சம் நில்லுங்க"ன்னு டிவியைப் பாத்துச் சொல்ல முடியுமா?

சின்ன வகுப்புகள்ல இது ஓரளவு ஓடுச்சு. பெரிய வகுப்புகள்ல ஆசிரியருக்கும் சலிப்பு, மாணவருக்கும் சலிப்பு. 1970கள்ல உயர்நிலைப் பள்ளிகள் முதல்ல விலகிச்சு. கொஞ்சம் கொஞ்சமா டிவி முதன்மை ஆசிரியர் இடத்திலிருந்து துணைக்கருவியா இறங்கியது. ஆனா ஒண்ணைச் சொல்லணும். அந்தத் தீவு ஆசிரியர்களும் இந்தக் காலத்துல முன்னைவிடப் படிச்சு, பயிற்சி எடுத்துத் தேறியிருந்தாங்க. தேறின ஆசிரியருக்குத் திரையோட உதவியாளரா நிக்கப் பிடிக்கலை. இது டிவியோட தோல்வியா, ஆசிரியரோட வளர்ச்சியா? நான் ரெண்டாவதுன்னுதான் படிக்கிறேன்.

ஒரு வருஷப் பயிற்சி, ரெண்டு வேலைநிறுத்தம்

சமோவாவுல விட்டதை எல் சால்வடோர்ல செய்ய முயற்சி பண்ணாங்க. மத்திய அமெரிக்காவுல ஒரு சின்ன நாடு. கல்வி அமைச்சர் வால்டர் பெனெகே, முன்னாடி ஜப்பான்ல தூதரா இருந்தவர். அங்கே கல்வித் தொலைக்காட்சியைப் பாத்துட்டு வந்தவர். 1969ல ஏழாம் வகுப்புலேர்ந்து டிவி பாடம் ஆரம்பிக்கறாங்க.

இங்க அவங்க டிவியைத் தனியாக் கொண்டு வரலை. பாடத்திட்டத்தை மாத்தினாங்க, ஆசிரியர் கையேடும் மாணவர் பயிற்சி நூலும் புதுசா எழுதினாங்க. ஆசிரியர்களைப் பள்ளியிலேர்ந்து விடுவிச்சு, சம்பளத்தோட ஒரு முழு வருஷம் பயிற்சிக்கு அனுப்பினாங்க. ஒரு வருஷம்! நான் ஒன்றரை மணி நேரத்துல 27 ஸ்லைடு ஓட்டினவன். டிவி பாடம் 20 நிமிஷம்தான். அதுக்கு முன்னாடி பிள்ளைகளைத் தயார் பண்றதும், பின்னாடி அதைப் பிடிச்சுப் பேச வைக்கிறதும் வகுப்பு ஆசிரியரோட வேலை. அதாவது, "நீங்க திரைக்கு முன்னாடியும் நிப்பீங்க, பின்னாடியும் நிப்பீங்க." இதுவரை பாத்ததுல நல்ல பதில் இது.

பலன் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு பல வருஷம் கூடவே இருந்து அளந்தது. சீர்திருத்த வகுப்புப் பிள்ளைங்க பழைய வகுப்புப் பிள்ளைகளைவிட அதிகம் கத்துக்கிட்டாங்க. ஆனா ஆசிரியர்களோட உற்சாகம் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வந்தது. வகுப்புல பிள்ளைங்க எண்ணிக்கையும் வேலைச் சுமையும் ஏறிச்சு. சம்பளத்துல பிரச்சினை. ஆசிரியர் சங்கம் 1968லயும் 1971லயும் பெரிய வேலைநிறுத்தம் பண்ணுது. சீர்திருத்தம் பத்தி எங்ககிட்ட யாரும் கேக்கலைங்கிற கோபமும் அதுல இருந்தது.

நான் இதிலேர்ந்து எடுத்துக்கிட்டது: பயிற்சி எவ்வளவு நல்லா இருந்தாலும், ஆசிரியரோட பேசாம அவருக்காகத் திட்டம் போட்டா, அது அவர் தலையில இறக்கி வெச்ச இன்னொரு சுமைதான்.

கோழி வலை ஆன்டெனாவின் கீழ்

இப்போ நம்ம நாட்டுக்கு வரலாம். 1975 ஆகஸ்ட் 1லேர்ந்து 1976 ஜூலை 31 வரை ஒரு வருஷம். செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. ஆங்கில முதலெழுத்துகளை வெச்சு "சைட்"னு சொல்வாங்க. நாசாவோட ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஆப்பிரிக்காவுக்கு மேலே நகர்த்தி, இந்தியாவுக்கு ஒரு வருஷம் கடன் கொடுத்தாங்க. ஒப்பந்தம் 1969லயே கையெழுத்தாச்சு. இதைக் கனவு கண்ட விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர்ல இறந்துட்டார், பாக்கக் கொடுத்து வைக்கலை.

ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரா, கர்நாடகான்னு ஆறு மாநிலம். சுமார் 2,400 கிராமம். தமிழ்நாடு இதுல இல்லை. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு டிவி. மூணு மீட்டர் அகலத்துல கோழிக்கூண்டு வலையில செஞ்ச ஆன்டெனா. காலையில ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்கு: இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம்னு நாலு மொழிக்கும் தலா 22½ நிமிஷம். சாயங்காலம் ரெண்டரை மணி நேரம் ஊருக்கு. பல ஊர்ல டிவி இருந்ததே பள்ளிக்கூடத்துலதான். சாவி வாத்தியார்கிட்ட.

வழக்கமா சைட் பத்திப் பேசறவங்க ஆன்டெனா கதையோட நிறுத்திடுவாங்க. உண்மையில நானும் அதைத் தேடித்தான் போனேன். கிடைச்சது வேற. விடுமுறைக் காலத்துல, அதே டிவியை வெச்சு ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி நடத்தியிருக்காங்க. முதல் சுற்று 1975 அக்டோபர்ல, 12 நாள், சுமார் 24,000 ஆசிரியர்கள். அடுத்த வருஷம் இன்னொரு சுற்று, இன்னொரு 24,000 பேர். மொத்தம் 48,000. வடிவமைச்சது என்சிஇஆர்டியோட கல்வித் தொழில்நுட்ப மையம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 2,400 ஊர், 24,000 பேர். ஒரு டிவிக்குச் சராசரியாப் பத்துப் பேர். பத்து ஆசிரியர்கள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல 12 நாள் கூடி உட்கார்ந்திருக்காங்க. இதைச் சும்மா "டிவி பாத்தாங்க"ன்னு சொன்னா தப்பு. அந்தப் பயிற்சியில டிவி ஒரு பகுதிதான். கூடவே ரேடியோ நிகழ்ச்சி, அச்சடிச்ச பாடக்குறிப்பு, கையால செஞ்சு பாக்கிற வேலை, உட்கார்ந்து பேசற விவாதம் இருந்தது.

ஏன் இத்தனை? ஒரு பொறியாளரா நான் இதை இப்படித்தான் புரிஞ்சுக்கறேன். அந்த டிவி ஒருவழிப் பாதை. நிறுத்த முடியாது, திருப்பிப் போட முடியாது, கேள்வி கேக்க முடியாது. நாலு மொழிக்கும் நேரம் பங்கு போட்டது, ஒரு நிமிஷம் நீட்டிக்க முடியாது. சிஸ்டத்துல இப்படி ஒரு பெரிய ஓட்டை இருக்குன்னு வடிவமைச்சவங்களுக்கு நல்லாத் தெரியும். அதனால டிவியால முடியாத எல்லாத்தையும் டிவிக்கு வெளியே வெச்சாங்க. நிறுத்தி யோசிக்கக் காகிதம். கேள்வி கேக்கப் பக்கத்துல இன்னொரு ஆசிரியர். நம்பறதுக்குச் சொந்தக் கையால ஒரு சோதனை.

இதுல இன்னொரு அழகான விஷயம். இந்த ஆசிரியர்கள் டிவி முன்னாடி முதல்ல மாணவர்களா உட்கார்ந்தாங்க. படம் எங்கே வேகமாப் போகுது, எங்கே கவனம் சிதறுது, எங்கே ஒரு கேள்வி தொண்டையிலேயே நின்னு போகுதுன்னு அவங்க உடம்புக்கே தெரியும். அப்புறம் வகுப்புல பிள்ளைகளுக்கு முன்னாடி நிக்கும்போது அது நினைவுக்கு வரும். "எங்க நிக்கணும்?"ங்கிற கேள்விக்கு சைட் பயிற்சி சொன்ன பதில், "முதல்ல உட்காருங்க. உட்கார்ந்து பாத்தாத்தான் எங்க நிக்கணும்னு தெரியும்."

ஒரு வருஷம் முடிஞ்சதும் செயற்கைக்கோள் போயிடுச்சு. ஆனா ஓட்டையை அடைக்கிற முயற்சி நிக்கலை. 1996 ஜனவரியில கர்நாடகத்துல 20 மையங்கள்ல சுமார் 850 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. படம் ஒரு பக்கமாத்தான் வரும், ஆனா குரல் ரெண்டு பக்கமும் போகும். ஸ்டூடியோவுல இருக்கிற நிபுணர்கிட்ட ஆசிரியர் கேள்வி கேக்கலாம், அவர் பதில் சொல்லணும். சைட் முடிஞ்சு இருபது வருஷத்துக்கு அப்புறம் திரையைப் பாத்து, "கொஞ்சம் நில்லுங்க, எனக்குப் புரியலை"ன்னு சொல்ல முடிஞ்சது.

கேமராவைத் திருப்பினவர்கள்

ஒரு சின்னக் கிளைக்கதை. பி.எட். படிச்சவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா "மைக்ரோ டீச்சிங்"னு சொன்னதும் சிரிப்பீங்க. அஞ்சு நிமிஷப் பாடம், எதிர்ல நண்பர்களே பிள்ளைகளா நடிப்பாங்க, ஒரே கூத்து. அது பிறந்தது 1963ல ஸ்டான்ஃபோர்டுல, டுவைட் ஆலனும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கினது. சுருக்கமா ஒரு பாடம் நடத்து, வீடியோவுல பதிவு பண்ணு, உன்னையே நீ பாரு, திருத்தி மறுபடி நடத்து. மத்தவங்க எல்லாரும் கேமராவை ஸ்டூடியோவுல இருக்கிற நல்ல ஆசிரியர் பக்கம் வெச்சிருந்தப்ப, இவங்க கற்றுக்கொண்டிருக்கிற ஆசிரியர் பக்கம் திருப்பினாங்க. நம்ம ஊர்ல பல இடத்துல கேமரா இல்லாம, கவனிச்சுக் குறிப்பெழுதறதோட இது நடந்தது. இன்னிக்கு எல்லார் பையிலயும் கேமரா இருக்கு. அந்த விட்டுப்போன பகுதியை இப்போ சேர்த்துக்கலாம்.

பட்டன் கைக்கு வந்தது

ஆன்லைன் வீடியோ வந்தப்ப எல்லாரும் பேசினது "இலவசம்", "எங்கேயும் கிடைக்கும்"னுதான். சல்மான் கான் உறவுக்காரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, 2006ல யூடியூப்ல போட ஆரம்பிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். இங்கே 2017ல மத்திய அரசோட தீக்ஷா தளம் வந்தது. 2018லேர்ந்து நம்ம பாடநூல்ல க்யூஆர் கோடு. 2019ல கல்வித் தொலைக்காட்சி. அடுத்த வருஷம் கொரோனா. எல்லா ஆசிரியரும் ஒரே ராத்திரியில வீடியோ ஆசிரியர் ஆனாங்க.

ஆனா இந்த வரலாற்றை வரிசையாப் படிச்சுட்டு வந்தா, ஆன்லைன் வீடியோவுல புதுசு எதுன்னா, நிறுத்தற பட்டன். சமோவா ஆசிரியருக்கு அது இல்லை. சைட் கிராமத்து ஆசிரியருக்கு அது இல்லை. இப்போ இருக்கு. ஆனா நாம அதைப் பயன்படுத்தறதே இல்லை. வீடியோவைப் போட்டுட்டு, அது ஒளிபரப்பு மாதிரி கடைசி வரைக்கும் ஓட விடறோம். 1964ல செஞ்சதையேதான் செய்யறோம்.

ஆய்வுகளும் இதையேதான் சொல்லுது. 2014ல ஃபிலிப் குவோ குழு எட்எக்ஸ் தளத்துல 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசினாங்க. ஆறு நிமிஷத்துக்குள்ள இருக்கிற வீடியோவுக்குத்தான் ஆட்கள் தாக்குப் பிடிச்சாங்க. 'வெரிடாசியம்' சேனல் நடத்தற டெரெக் முல்லர் தெரியும்ல? அவர் சிட்னியில செஞ்ச முனைவர் பட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். இயற்பியலைத் தெளிவா விளக்கற வீடியோ பாத்த மாணவர்கள் "ரொம்ப நல்லாப் புரிஞ்சது"ன்னு சொன்னாங்க. தேர்வு வெச்சா, பெருசா எதுவும் மாறலை. அவங்க மனசுல ஏற்கெனவே இருந்த தப்பான எண்ணத்தை முதல்ல வெளியே எடுத்து, அதோட மோதின வீடியோவைப் பாத்தவங்க "குழப்பமா இருந்தது"ன்னாங்க. ஆனா மதிப்பெண் அவங்களுக்குத்தான் ஏறிச்சு.

என் 27 ஸ்லைடும் ரொம்பத் தெளிவா இருந்ததுங்கிறதை இங்கே நினைவுபடுத்தறேன்.

இரண்டாவது பாடம்

அக்காகிட்ட இன்னொரு வாய்ப்பு கேட்டேன். இந்தத் தடவை ஒரு நிபந்தனை: பத்துப் பேர்தான். சைட்கிட்ட கடன் வாங்கின எண். திட்டத்தை நானே போடாம, முன்னாடியே ரெண்டு டீச்சர்கிட்ட காட்டித் திருத்தினேன். அது எல் சால்வடோர்கிட்ட கத்துக்கிட்டது. நேரம் அதே ஒன்றரை மணி. எப்படிப் பிரிச்சேன்னு சொல்றேன். உங்களுக்கும் உதவலாம்.

முதல் 20 நிமிஷம், அவங்க மாணவர்கள். நிலா ஏன் வளர்ந்து தேயுதுன்னு ஒரு நாலு நிமிஷ வீடியோ. எந்த முன்னுரையும் இல்லாமப் போட்டேன். முடிஞ்சதும், "தேய்பிறை ஏன் வருது? ஒரு வரியில எழுதுங்க"ன்னேன். பத்துல நாலு பேர் பூமியோட நிழல் விழறதாலன்னு எழுதியிருந்தாங்க. நிழல் விழறது கிரகணத்துல. தேய்பிறையில, நிலாவோட வெளிச்சமான பாதியை நாம வேற வேற கோணத்துல பாக்கறோம், அவ்வளவுதான். வீடியோ இதைத் தெளிவாச் சொல்லிச்சு. ஆனா மனசுல இருந்த நிழல் அசையலை. அறையில ஒரு அமைதி. என் வேலையில பாதியை அந்த அமைதியே செஞ்சிடுச்சு.

அடுத்த 20 நிமிஷம், அதே வீடியோ, மூணு நிறுத்தத்தோட. போடறதுக்கு முன்னாடி, "ஏன்னு நினைக்கறீங்க?"ன்னு ஊகம். முதல் நிறுத்தத்துல ஒரு எலுமிச்சம்பழத்தையும் செல்போன் டார்ச்சையும் வெச்சு அவங்களே சுத்திப் பாத்தாங்க. ரெண்டாவதுல, "அடுத்து என்ன காட்டப் போறாங்க?"ன்னு ஊகம். மூணாவதுல, முதல்ல எழுதின வரியை அடிச்சுத் திருத்தறது.

அடுத்த 25 நிமிஷம், அவங்கவங்க பாடத்துக்கு ஒரு வீடியோ. ஆறு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். எந்த நிமிஷத்துல நிறுத்துவீங்க, நிறுத்தி என்ன கேப்பீங்க, என்ன பொருள் கையில இருக்கும்னு ஒரு தாள்ல எழுதணும். கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னும் ஒரு வரி.

கடைசி 25 நிமிஷம், நம்ம மைக்ரோ டீச்சிங். நேரம் இருந்தது மூணு பேருக்குத்தான். ஆளுக்கு அஞ்சு நிமிஷம், போன்ல பதிவு பண்ணி, உடனே அவங்களே பாத்துக்கிட்டாங்க. இதுல என் திட்டம் இடிச்சது. பத்துப் பேரும் நடத்தணும்னா ரெண்டு நாள் வேணும். ஒன்றரை மணி நேரத்துல எல்லாம் முடியும்னு நினைக்கிறது எங்க தொழில் வியாதி. அடுத்த தடவை ரெண்டு அமர்வு கேக்கப் போறேன்.

நடத்தின மூணு பேர்ல ஒருத்தர், முதல் நாள் என்னைக் கேள்வி கேட்ட அதே டீச்சர். நெல் நாத்து நடறதிலேர்ந்து அறுவடை வரைக்கும் ஒரு வீடியோ எடுத்திருந்தாங்க. முதல் வேலையா சத்தத்தை நிறுத்திட்டாங்க. "இந்தக் குரல் எங்க பிள்ளைங்களுக்குப் புரியாது, நான் சொல்லிக்கிறேன்"ன்னாங்க. அப்புறம் முன் வரிசையில உட்கார்ந்திருந்த இன்னொரு டீச்சரை மாணவியாக்கி லேப்டாப் பக்கத்துல உட்கார வெச்சு, "நான் கையைத் தூக்கினா நிறுத்து, இறக்கினா ஓட்டு"ன்னு சொல்லிட்டு, நேரா நடந்து கடைசி பெஞ்சுக்குப் போய் நின்னாங்க.

அங்கேயிருந்தே பாடம் நடத்தினாங்க. திரை முன்னாடி, குரல் பின்னாடி. கை தூக்கும்போதெல்லாம் படம் நின்னது. "இவர் ஏன் பின்னாடியே நடந்துக்கிட்டு நடறார்?"னு ஒரு கேள்வி. யாரும் பதில் சொல்லலைன்னா படம் நகராது.

முடிஞ்சதும் நான் கேட்டேன், "ஏன் டீச்சர் பின்னாடி போய் நின்னீங்க?"

"முன்னாடி நின்னா படத்தை மறைப்பேன் தம்பி. பக்கத்துல நின்னா படத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். பின்னாடி நின்னாத்தான் எந்தத் தலை திரும்புது, எது தூங்கி விழுதுன்னு தெரியும். அதைப் பாத்துத்தானே நிறுத்தணும்?"

இதை நான் எந்த ஆய்வுலயும் படிக்கலை. என் அடுத்த பயிற்சித் தாள்ல இது முதல் வரி.

அவ்வளவுதான் மக்களே. கேட்டுக்கிட்டிருக்கிறவங்கள்ல ஆசிரியர்கள் இருந்தா, உங்க வகுப்புல வீடியோ ஓடும்போது நீங்க எங்கே நிக்கறீங்க, எப்போ நிறுத்தறீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. நல்ல பதில்களை, ஊர் பேர் இல்லாம, இன்னொரு எபிசோடுல வாசிக்கிறேன். அடுத்த வாரம் சந்திப்போம்.